அம்புகளைத் திருப்பும் ஸ்கிரிப்ட்

ஒரு வீடியோ கோப்பின் நடுவே ஒரே ஒரு பிட்டை மாற்றிப் பாருங்கள். எங்கோ ஒரு கீற்று சிதையும். சில சமயம் அதுகூடத் தெரியாது, சில சமயம் படமே ஓடாது. கோப்புகளை வேண்டுமென்றே சிதைத்துப் படைக்கும் கிளிட்ச் கலையின் பெரும்பகுதி இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தில்தான் வளர்ந்தது. அதற்கு மாற்றாக வந்த கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது எஃப்எஃப்கிளிட்ச். வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் மேல் கட்டப்பட்ட இதன் உயிர்நாடி, நாமே எழுதிக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்.

எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் பதிந்த வீடியோவில் எல்லா பிரேம்களும் முழுப் படங்கள் அல்ல. ஐ-பிரேம் மட்டுமே முழுப்படம். பின்தொடரும் பி-பிரேம் (P-frame) 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலான கட்டங்களில் ஓர் அம்பு உண்டு: "முந்தைய படத்தில் இந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்." இதுவே நகர்வுத் திசையன். எடுத்த பிறகும் மிஞ்சும் வேறுபாடு தனியாகச் சேமிக்கப்படும். 640×480 படத்தில் ஒரு பிரேமுக்கு 1,200 கட்டங்கள்.

இந்த அம்புகளையும் வேறுபாடுகளையும் குறிக்கும் எண்கள் வெவ்வேறு நீளமுள்ள குறியீடுகளாக, இடைவெளியே இல்லாமல் நெருக்கி எழுதப்படுகின்றன. ஒரு பிட் பிசகினால் அடுத்த குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போய்விடும். எஃப்எஃப்கிளிட்ச் குறியீடுகளைப் பிரித்து, எண்களை மட்டும் நம் கையில் தந்து, நாம் மாற்றியதை மீண்டும் முறையான குறியீடுகளாக எழுதுகிறது. அதனால் படம் நிலைகுலைந்தாலும் கோப்பு பழுதாவதில்லை. எந்தப் பிளேயரும் அதை ஓட்டும். இந்த நேர்மையான வேலைக்காகவே இதை மதிக்கிறேன்.

ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். 'செட்அப்' என்ற செயற்கூறில் "எனக்குத் திசையன்கள் வேண்டும்" என்று கேட்கிறோம். 'கிளிட்ச்_பிரேம்' ஒவ்வொரு பிரேமுக்கும் ஒருமுறை அழைக்கப்படும். அதில் வரிசை வரிசையாக அம்புகள். ஒவ்வொன்றும் கிடை, செங்குத்து என இரண்டு எண்கள். எம்பெக்-2இல் இவற்றின் அலகு அரை பிக்சல். கிடை எண்ணோடு 20 கூட்டினால், 10 பிக்சல் வலப்புறம் தள்ளியிருக்கும் பகுதி எடுக்கப்படும். பார்ப்பவருக்குப் படம் இடப்பக்கம் நழுவும். அடுத்த பிரேம் நழுவிய படத்திலிருந்தே எடுப்பதால் பிசகு குவிந்துகொண்டே போகும், அடுத்த ஐ-பிரேம் வரும்வரை. ஆகவே வீடியோவைத் தயாரிக்கும்போதே ஐ-பிரேம்களைக் குறைத்துவிட வேண்டும்.

ஸ்கிரிப்டுக்கு நினைவும் உண்டு. கடந்த 10 பிரேம்களின் அம்புகளைச் சேர்த்துவைத்து அவற்றின் சராசரியை எழுதினால், படத்தில் அசையும் ஒரு கை நின்ற பிறகும் அதன் அசைவு பாகுபோல இழுபட்டு மெல்ல அடங்கும். கையால் பிட்டுகளைத் திருத்தி இதைச் செய்யவே முடியாது.

ஒவ்வொரு பிரேமையும் தனித்தனி ஜேபெக் படமாகச் சேமிக்கும் மோஷன்-ஜேபெக்கில் அம்புகள் கிடையாது. அங்கே 8×8 கட்டம் ஒவ்வொன்றின் சராசரி ஒளிர்வும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்ற வேறுபாடாகவே பதியப்படுகிறது. ஸ்கிரிப்ட் அந்த வேறுபாட்டில் ஒன்றைக் கூட்டினால் போதும்: அதற்கு முன்னுள்ள கட்டங்கள் அப்படியே இருக்க, அங்கிருந்து படத்தின் அடிவரை எல்லாமே ஒரு படி வெளுத்துவிடும்.