ஒரு தம்பதி விட்டுச்சென்ற மரபணு

தம்முடன் பணிபுரியும் ஆப்பிரிக்கானர் (தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர் முதலானோரின் வழிவந்த வெள்ளையர்) பெண் ஒருவர், மயக்க மருந்து குறித்த எச்சரிக்கை பொறித்த வளையத்தைக் கையில் அணிந்திருக்கிறார் என்றும், அதற்குக் காரணமான பரம்பரை நோய் அவர்களிடையே மிகுந்தும் இங்குள்ள இந்திய வம்சாவளியினரான நம்மிடையே அரிதாகவும் இருப்பது ஏன் என்றும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்நோயின் பெயர் வேரிகேட் போர்ஃபிரியா. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் மூலக்கூறு உருவாகும் வழியில் ஒரு நொதி ஏறத்தாழப் பாதியளவே இயங்குவதால் இடைப்பொருள்கள் தேங்குகின்றன. வெயில் பட்ட புறங்கை கொப்புளிக்கிறது, சிலருக்குக் கடும் வயிற்றுவலி வருகிறது. போர்ட் எலிசபெத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெஃப்ரி டீன், நோயாளிகளின் வம்சாவளியைத் தேடிச்சென்று, 1688இல் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் மணந்துகொண்ட கெரிட் யான்ஸ், அரியான்ட்யே என்ற தம்பதியிடம் போய் நின்றார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சிறு கூட்டம் கப்பலேறும்போது அந்தப் பதம் பொய்த்துவிடுகிறது. ஹாலந்தில் மிக அரிதான பிழை, குடியேறிய சில நூறு பேரில் ஒருவரிடம் தற்செயலாக இருந்தாலே போதும், புதிய ஊரில் அதன் விகிதம் பல மடங்காகிவிடும். ஒரு பிரதி இருந்தாலே விளைவு தரக்கூடிய ஓங்கு மரபணு ஆகையால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. குடும்பங்களோ பெரியவை, கொண்டதும் கொடுத்ததும் பெரும்பாலும் தமக்குள்ளேயே. இயற்கைத் தேர்வு அதை ஏன் களையவில்லை என்பதுதான் என்னைப் பெரிதும் ஈர்க்கும் பகுதி. பெரும்பாலோர் அறிகுறியே இல்லாமல் பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்து முடித்ததால், களைவதற்கு அங்கே ஒன்றும் தென்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பார்பிட்யூரேட்டுகள் தூக்க மருந்தாகவும் மயக்க மருந்தாகவும் வந்த பிறகே, சாதாரண அறுவைக்குப் போனவர்கள் கைகால் செயலிழந்தும் உயிரிழந்தும் போயினர். வளையத்தின் காரணம் இதுவே.

நம்மவர் கதை வேறு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தனர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக, பல மாவட்டங்களையும் சாதிகளையும் சேர்ந்தவர்களாக வந்ததால், எந்த ஒரு முன்னோரின் பிழையும் இப்படி ஓங்க இடமிருக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து உறவுமுறைத் திருமணத்தையும் கொண்டுவந்தோம். இங்கே கவனிக்க வேண்டியவை ஒடுங்கு நோய்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே பிழை வந்தால்தான் அவை வெளிப்படும். அத்தகைய நோயைக் குலசாபம் என்று சொல்லிப் பரிகாரம் தேடுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் கணக்கு எளியது: மாமன் மகளை மணந்தவரின் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று, அக்காள் மகளை மணந்தால் எட்டில் ஒன்று.