இன்ட்ராமூரல்: சொல்லின் வரலாறும் தமிழ் ஈடும்

ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வேறு நிறுவனத்தாரோடு மோதாமல், துறை, விடுதி, பயிலும் ஆண்டு என்று அணி பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடும் போட்டிகளை ‘இன்ட்ராமூரல்’ என்பர். உடற்கல்வி பயில்வோருக்கு இது பாடநூற் சொல். ஏனையோருக்கு அறிவிப்புப் பலகையில் கண்டு கடந்துபோகும் சொல். இதனை ‘இன்டர்மூரல்’ என்று எழுதுவோரும் உண்டு. ‘இன்ட்ரா’ உள்ளே என்பதையும் ‘இன்டர்’ இடையே என்பதையும் குறிப்பதால், அந்த ஓர் எழுத்துப் பிறழ்ச்சியில் பொருள் ஏறக்குறைய எதிர்மாறாகிவிடுகிறது.

இலத்தீனில் ‘மூருஸ்’ என்றால் மதில். ஆகவே ‘மதிலுக்குள்’ என்பதே சொல்லின் நேர்ப்பொருள். விளையாட்டுக்கு வருமுன் இச்சொல் இடுகாட்டில் புழங்கியது என்பது பலர் அறியாத செய்தி. நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று உரோமாபுரியின் பன்னிரு பலகைச் சட்டம் விதித்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் தேவாலயக் கல்லறைகள் நிரம்பி வழிந்து நோய்க்குக் காரணமாகின்றன என்ற அச்சம் எழுந்தபோது, ‘இன்ட்ராமூரல்’ அடக்கத்தைத் தடுக்க வேண்டும் என்பதே பெரும் விவாதமாக இருந்தது. 1850களில் இயற்றப்பட்ட சட்டங்கள் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டின.

பல்கலைக்கழக விளையாட்டுக்கு இச்சொல்லை நிலைநிறுத்தியவர்கள் அமெரிக்கர்கள். அதற்கொரு காரணம் இருந்தது. 1852இல் ஹார்வர்டு, யேல் மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் படகுப் போட்டி நடத்தியபோது, அதனை ஏற்று ஆடியவை மாணவர்களின் படகுக் கழகங்களே. நிருவாகத்துக்கு அதில் பங்கில்லை. பின்னர் அமெரிக்கக் காற்பந்து பெருங்கூட்டத்தையும் பெரும்பணத்தையும் ஈர்த்தது. ஆட்டத்தில் நேர்ந்த உயிரிழப்புகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. விளைவாக, கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் தேசிய அமைப்பு 1906இல் தோன்றியது. ஊதியம் பெறும் பயிற்றுநர், பயணம், சீருடை என்று எல்லாம் நிறுவனத்தின் பெயரால் ஆடும் ஒரு சிலருக்கே போய்ச் சேர, எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்தனர். அவர்களும் ஆட விரும்பினர். வகுப்புக்கு வகுப்பு, விடுதிக்கு விடுதி தாங்களே அணி திரட்டிக்கொண்டு, காலியாக இருந்த திடல்களில் ஆடினர்.

இந்தத் தன்னெழுச்சிக்கு நிருவாக வடிவம் 1913இல் கிடைத்தது. அவ்வாண்டு மிச்சிகன், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் இதற்கெனத் தனிப் பிரிவை அமைத்து, பொறுப்பாளரையும் அமர்த்தின. மிச்சிகனில் 1919இல் இப்பொறுப்பை ஏற்ற எல்மர் மிட்செல், அதற்குமுன் அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியளித்தவர். தேர்ந்த வீரர்களை விட்டுத் தேராத மாணவர்கள் பக்கம் வந்தவர் என்று சொல்லலாம். 1925இல் இத்துறைக்கு ஒரு முழுநூலையே எழுதினார். 1928இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஆன் ஆர்பர் நகரில் இவ்வகை விளையாட்டுக்கென்றே கட்டப்பட்ட முதற் கட்டடம் திறக்கப்பட்டது. முந்தைய ஆண்டில்தான் அதே ஊரில், பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் ஃபீல்டிங் யோஸ்ட்டின் காலத்திலேயே, மாபெரும் காற்பந்து அரங்கம் திறக்கப்பட்டிருந்தது. பார்ப்பதற்கு ஒன்று, ஆடுவதற்கு மற்றொன்று என அடுத்தடுத்து எழுந்த இவ்விரு கட்டடங்களே அக்காலச் சிக்கலைத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன.

இத்துறையினரை ஒன்றுதிரட்டிய பெருமை மிச்சிகன் போன்ற பெரிய நிறுவனங்களுக்குரியதன்று. நியூ ஆர்லியன்சிலுள்ள டில்லார்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் வாசன் 1950இல் கூட்டிய மாநாட்டில், கறுப்பின மக்களுக்கான 11 கல்லூரிகளின் விளையாட்டுப் பொறுப்பாளர்கள் கூடித் தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். தெற்கு மாநிலங்களில் இனப்பிரிவினை சட்டமாக இருந்த காலம் அது. 1975இல் அச்சங்கம் தன் பெயரில் ‘பொழுதுபோக்கு விளையாட்டு’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. உடற்பயிற்சிக் கூடம், மலையேற்றம், நீச்சல் என்று போட்டியல்லாதனவும் இத்துறைக்குள் வந்துவிட்டதன் அடையாளம் அது.

இனித் தமிழ் ஈட்டுக்கு வருவோம். சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கர் ஆதலால், அமெரிக்க உடற்கல்விச் சொற்கள் இங்கு வேரூன்றியதில் வியப்பில்லை. இதனை ‘உட்சுவர்ப் போட்டி’ என்று பெயர்த்தால் சொல்லுக்குச் சொல் சரியாகும். ஆனால் சுவருக்கு வண்ணம் பூசும் போட்டியோ என்று கேட்போர் மயங்கக்கூடும். ‘உள்ளரங்கப் போட்டி’ கூரையின் கீழ் ஆடுவது; அது வேறு. இலங்கை வழக்கிலுள்ள ‘உள்ளக’ என்பதும் விளையாட்டோடு சேரும்போது அதே கூரைப் பொருளைத் தந்துவிடுகிறது. ‘அகப்போட்டி’ என்றால் அகத்திணை நினைவுக்கு வரும். ‘இல்லப் போட்டி’ நல்ல சொல். ஆனால் மாணவர்களை இல்லங்களாகப் பிரிக்கும் பள்ளிகளுக்கே அது பொருந்தும்.

என் தேர்வு ‘வளாகப் போட்டி’. வளாக நேர்காணல் என்னும் தொடரால் வளாகம் மாணவர் நாவில் ஏற்கெனவே பழகிய சொல். அதனினும் முக்கியமானது, வளைக்கப்பட்ட இடம் என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருப்பது. ‘தெண்கடல் வளாகம்’ என்று புறநானூறு (189) உலகைக் குறிப்பது, கடலால் சூழப்பட்டது என்னும் கருத்தில்தான். சூழ்ந்திருப்பது கடலானால் என்ன, மதிலானால் என்ன? ‘மூருஸ்’ சொல்ல வந்ததைத் தனியே ஒரு சுவர் எழுப்பாமலே வளாகம் சொல்லிவிடுகிறது.

மாணவர்கள் தாங்களே நடத்தி, பிற பல்கலைக்கழகக் குழுக்களோடும் மோதும் ‘கிளப்’ விளையாட்டு இதிலிருந்து வேறானது. அது வளாகப் போட்டிக்கும் நிறுவனத்தின் அதிகாரபூர்வ அணிக்கும் இடைப்பட்ட நிலை. 1852ஆம் ஆண்டுப் படகோட்டிகளின் நேர் வாரிசு. அதற்குக் ‘கழக விளையாட்டு’ என்பதே போதும். திருக்குறள் ‘கவறும் கழகமும்’ (935) என்று சூதாடுமிடத்தையே கழகம் என்கிறது. ஆட்டக்களத்தைக் குறித்த சொல் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஏறி அமர்ந்துவிட்ட பிறகு, அதனை மீண்டும் ஆட்டத்துக்கு அழைப்பதில் தடையொன்றுமில்லை. ‘எக்ஸ்ட்ராமூரல்’ என்பதற்கு மட்டும் இடமறிந்து பெயரிட வேண்டும்: உடற்கல்வியில் அது பிற நிறுவனங்களோடு ஆடுவதாதலால் ‘நிறுவனங்களுக்கிடையிலான போட்டி’ என எழுதலாம், பிரித்தானியக் கல்வி வழக்கிலோ அது பல்கலைக்கழகத்தில் சேராத பொதுமக்களுக்கு நடத்தும் வகுப்பாதலால் ‘வெளிவாரிக் கல்வி’ என்றே எழுத வேண்டும்.