ஐந்து மில்லிவாட்டுக்கு மேலே

அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில் சிவப்பு, பச்சை, நீல லேசர் டையோடுகளையும், ஒளிக்கற்றையை விரைந்து திருப்பும் இரண்டு சிறு ஆடிகளையும் ஒரு பெட்டிக்குள் பொருத்தி ஒளிக்காட்சிக் கருவி ஒன்றைச் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொது அரங்கில் இயக்க விரும்பினால், அவர் முதலில் எழுத வேண்டியது உணவு மருந்து நிர்வாகத்துக்கு. லேசருக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள் 1967-க்குப் போக வேண்டும். வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் சில அளவுக்கு மீறி எக்ஸ் கதிர்களைக் கசியவிட்டது அவ்வாண்டு தெரியவந்தது. அதன் விளைவாக, கதிர்வீச்சை வெளிவிடும் மின்னணுப் பொருள்கள் அனைத்தையும் கண்காணிக்கும் சட்டம் 1968-இல் பிறந்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு பின்னர் இந்த நிர்வாகத்திடம் வந்து சேர்ந்தது. லேசருக்கான தரவிதிகள் 1976 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன.

விதிகளின் வேர் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. இருட்டில் விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதன் வழியே நுழையும் இணைகற்றையை விழிவில்லை ஒரு நுண்புள்ளியாகக் குவித்துவிடுவதால், விழித்திரையில் விழும் ஒளியின் செறிவு கருவிழியில் விழுந்ததைப் போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்காகிறது. கண் கூசினால் நாம் கால் நொடிக்குள் இமைத்தோ முகத்தைத் திருப்பியோ தப்பித்துக்கொள்கிறோம் என்று கொண்டு, அந்தக் கால் நொடிக்குத் தாங்கத்தக்க அளவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிவாட் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கண்மணியின் பரப்பால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1 மில்லிவாட் வரும். இரண்டாம் வகுப்பு லேசரின் உச்சவரம்பு இதுவே. அதற்கு மேல், கட்புலனாகும் ஒளியில் 5 மில்லிவாட் வரை மூன்றாம் வகுப்பின் 'அ' பிரிவு, 500 மில்லிவாட் வரை 'ஆ' பிரிவு, அதையும் தாண்டினால் நான்காம் வகுப்பு.

ஒரு வாட் ஆற்றலுள்ள கற்றை மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விரிந்துகொண்டே போவதாகக் கொள்வோம். 50 மீட்டர் தொலைவில் அதன் விட்டம் சுமார் 5 சென்டிமீட்டராகும். செறிவோ அப்போதும் தாங்கத்தக்க அளவைப் போல் 20 மடங்கு. அந்த அளவுக்கு இறங்க அது 220 மீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். பெரும்பாலான அரங்குகள் அவ்வளவு நீளமில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காட்சிக்குப் பயன்படும் லேசர் எதுவும் 5 மில்லிவாட்டை மீறக் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் 5 மில்லிவாட் கற்றை ஒரு பெரிய அரங்கின் புகைமூட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஆகவே, காட்சி நடத்துவோர் விதியிலிருந்து விலக்கு கேட்கிறார்கள். பேச்சுவழக்கில் 'அனுமதி' எனப்படுவது உண்மையில் இந்த விலக்குத்தான். 'இக்கருவி பாதுகாப்பானது' என்று நிர்வாகம் எங்கும் சான்றளிப்பதில்லை. அப்படிச் சான்றளிக்க வேண்டியவர் செய்தவரே. தம் பெயரையும் முகவரியையும், செய்த மாதத்தையும் ஆண்டையும் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டியவரும் அவரே. வீட்டில் செய்தாலும், அதைப் பொதுமக்கள் முன் கொண்டுவருகிறவர் சட்டத்தின் பார்வையில் உற்பத்தியாளர். இதைவிட விசித்திரம், நடத்தப்படும் ஒளிக்காட்சியையும் அச்சட்டம் ஒரு லேசர் பொருளாகவே கருதுகிறது. எனவே அடுத்தவர் செய்த கருவியை வாங்கிக் காட்சி மட்டும் நடத்துபவருக்கும் தனி விலக்கு வேண்டும்.

கருவிக்கு இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று கருவியைப் பற்றிய அறிக்கை. 3632 என்னும் எண்ணுள்ள வழிகாட்டிப் படிவத்தைப் பின்பற்றி எழுதுவது. மற்றொன்று விலக்குக்கான 3147-ஆம் எண் படிவம். அறிக்கை எழுதும்போதுதான் பட்டறைக்காரருக்குத் தம் கருவியின் குறைகள் புலப்படும். சாவியை உருவிவிட்டால் கருவி இயங்கக் கூடாது. கற்றை புறப்படுவதற்கு முன்பே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தாமலே கற்றையைத் தடுக்கும் மூடி வேண்டும். தொலைவிலிருந்து நிறுத்துவதற்கான இணைப்பு வேண்டும். நான்காம் வகுப்புக் கருவியில், மின்சாரம் 5 நொடிக்கு மேல் தடைப்பட்டு மீண்டு வந்தால் லேசர் தானாக உயிர்பெறக் கூடாது. ஒரு மனிதர் கைப்பட மீட்டமைக்க வேண்டும். இருட்டில் மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில் யார் எங்கே குனிந்து எதைத் தேடிக்கொண்டிருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விதி மிகையாகத் தோன்றாது.

ஆடிகளின் கதை தனி. கற்றை ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு கண்ணை அது நொடியின் மிகச் சிறு பகுதியளவே தொட்டுச் செல்கிறது. ஆடி நின்றுவிட்டால் முழு ஆற்றலும் ஒரே இடத்தில் நிலைகொள்ளும். அதனால், பார்வையாளர் மீது கற்றையை ஓட்ட விரும்புவோர் ஆடியின் வேகமும் வீச்சும் குறைவதை உணர்ந்து மில்லிநொடிகளில் ஒளியை வெட்டும் மின்சுற்று ஒன்றைச் சேர்த்து, அது வேலைசெய்வதையும் கணக்கோடு நிறுவ வேண்டும். என் கருத்தில், சொந்தக் கருவியோடு தொடங்குபவர் இந்த வழியை நாடாதிருப்பதே நல்லது. வழக்கமான விலக்கு வேறொரு எளிய தீர்வைச் சொல்கிறது: மக்கள் நிற்கும் தளத்திலிருந்து உயரத்தில் 3 மீட்டரும் பக்கவாட்டில் 2.5 மீட்டரும் கற்றை விலகியிருக்க வேண்டும். இயக்குபவர் உடனிருந்து, எந்நேரமும் நிறுத்த ஆயத்தமாயிருக்க வேண்டும்.

திறந்தவெளியில் நடத்தினால், கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகத்துக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும். அங்கே அளவுகோலே மாறுகிறது. விமான நிலையத்தைச் சூழ்ந்த முக்கிய வான்பகுதியில் அனுமதிக்கப்படும் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவாட், அதாவது கண் தாங்கத்தக்க அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அந்த வரம்பைச் சற்றே மீறிய மங்கிய ஒளியும் விழித்திரையைச் சுடாது; ஆனால் இரவில் தரையிறங்கும் விமானியின் பார்வையைச் சில நொடிகள் கூசவைத்துவிடும், அந்தச் சில நொடிகளில்தான் அவர் ஓடுபாதையைப் பார்த்தாக வேண்டும்.