நைட்ரோ இன்ஜின் கொதிக்குதா? வெயிலைத் திட்டாதீங்க

ஏப்ரல் பிறந்துவிட்டால் நைட்ரோ ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டுகிற, நிஜ இன்ஜின் வைத்த சின்ன கார்) வைத்திருக்கிறவர்களிடம் ஒரே புலம்பல்தான். ரெண்டு ரவுண்டு ஓடுது, அப்புறம் கொதிச்சு நின்னுடுது, ஆறினாத்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகுது. ஏன் என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். வியாசர்பாடி மைதானத்தில் ஒரு தம்பி இப்படிக் காட்டியபோது, பக்கத்தில் நின்றிருந்த காசிமேட்டு அண்ணன் (விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர்) சிரித்துவிட்டார். "வெயில் இன்னா பண்ணும் தம்பி, அது பாட்டுக்கு அடிக்குது. உள்ள எண்ணெய் ஒழுங்கா போவுதா, அத்தப் பாரு." நைட்ரோ இன்ஜினை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை, ஆனால் சொன்னது அப்பட்டமான உண்மை.

பக்கி என்கிற, மண்ணில் ஓட்டும் பெரிய ஆர்சி கார்களில் இருப்பது வெறும் 3.5 சிசி இன்ஜின்தான். அது நிமிஷத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டும், டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு, அதாவது நொடிக்கு 500 தடவைக்கு மேல். இதில் ரேடியேட்டர் கிடையாது, தனி ஆயில் சேம்பர் கிடையாது, பொறி விட்டுப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. இருப்பது எரிபொருள் ஒன்றுதான். மெத்தனால், அதோடு நைட்ரோமீத்தேன் (டப்பாவில் 20, 25 சதவீதம் என்று போட்டிருப்பது இதன் அளவு), கூடவே ஆயில். பழைய டிவிஎஸ் 50-க்கு பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய மாதிரிதான், ஆனால் இங்கே அந்தக் கலவைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: இன்ஜினைக் குளிரவைப்பதும் அதுதான்.

எப்படி என்றால், ஒரு கிலோ மெத்தனால் ஆவியாகக் கிட்டத்தட்ட 1,100 கிலோஜூல் வெப்பம் வேண்டும், பெட்ரோலுக்கு 350 போதும். அதற்கு மேல், ஒரு கிலோ மெத்தனாலை எரிக்க 6.4 கிலோ காற்று போதும், பெட்ரோலுக்கோ 14.7 கிலோ தேவை, ஆக அதே அளவு காற்றுக்கு மெத்தனால் ரெண்டு மடங்குக்கு மேல் உள்ளே போகிறது. ரெண்டையும் பெருக்கிப் பார்த்தால், உள்ளே போகும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் மெத்தனால் உறிஞ்சக்கூடிய வெப்பம் பெட்ரோலைப் போல சுமார் ஏழு மடங்கு. ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) இருக்கும் தகடுகள் மீதி வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது எரிபொருள் கொஞ்சம் குறைந்தால், அதாவது கலவை லீன் ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குளிர்ச்சி குறைகிறது, ஆயிலும் அதே பைப்பில்தான் வருகிறது என்பதால் உராய்வு கூடுகிறது. இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குக்குப் பதிலாக இதில் குளோ பிளக் உண்டு, அதில் இருக்கிற பிளாட்டினம் கம்பி மெத்தனாலோடு வினைபுரிந்து தானே கனன்றுகொண்டிருக்கும், எப்போது பற்றவைக்க வேண்டும் என்று சொல்ல வேறு எந்தக் கருவியும் இல்லை. அறை சூடாக சூடாக எரிப்பு முன்கூட்டியே தொடங்கும், முன்கூட்டியே தொடங்கினால் அழுத்தமும் சூடும் இன்னும் ஏறும், ஏறினால் இன்னும் முன்னால் பற்றும். அதனால்தான் 120 டிகிரியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று எகிறிப் போய் நிற்கிறது.

சரி, வெயிலுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஹெட் 110 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 38 டிகிரி என்றால் வித்தியாசம் 72, காற்று 25 டிகிரி என்றால் 85. தகடுகளின் வேலை அந்த அளவுக்குக் குறையும். ஆனால் சூடான காற்று லேசானது, ஆக்சிஜன் குறைவு, கடலோர ஈரப்பதம் அதையும் கொஞ்சம் தள்ளிவிடும். காற்று குறைந்தால், கார்ப்ரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஊசி அப்படியே இருக்க, கலவை ரிச் (எரிபொருள் அதிகம்) ஆகும், லீன் ஆகாது. மே மாத மதியத்தில் 38 டிகிரியில் டியூன் செய்த வண்டியை மார்கழிக் காலையில் 22 டிகிரியில் எடுத்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் கூடியிருக்கும், ஊசி அப்படியே இருக்கும், வண்டி லீனாக ஓடும். ஜில்லென்ற காலையில் இன்ஜின் போவதற்கு இதுதான் காரணம், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஊசியைத் தொடுவதற்கு முன் சூடு நிஜமா என்று பாருங்கள். பளபள அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகத்தான் வெளியிடும், அதனால் வெள்ளை ஹெட்டின் மேல் டெம்பரேச்சர் கன்னை (தொடாமலே சூட்டை அளக்கிற கருவி) காட்டினால் குறைவாகத்தான் காட்டும். கறுப்புப் பூச்சு ஹெட் என்றால் பரவாயில்லை. மேலிருந்து நேராக பிளக் குழிக்குள் காட்டுங்கள், எப்போதும் அதே இடத்தில், வண்டி ஓடி வந்த உடனே. பெரும்பாலான இன்ஜின்களுக்கு 100 முதல் 125 டிகிரி வரை சகஜம். கன் இல்லையென்றால் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: மூன்று நான்கு நொடி கொதித்து மறைந்தால் சரி, விழுந்ததும் சொய்ங் என்று காணாமல் போனால் அதிகம், அப்படியே உட்கார்ந்திருந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவே இல்லை.

அடுத்து சுமை. வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசுதா, பேரிங் இறுகியிருக்கா, பல்சக்கரங்கள் இடைவெளியே இல்லாமல் கடித்துக்கொண்டு நிற்குதா, கிளட்ச் வழுக்குதா. இதில் ஒன்று இருந்தாலும் ஊசியை எவ்வளவு திருகினாலும் பிரயோஜனமில்லை. பாடிக்கு முன் கண்ணாடியை வெட்டாமல் அழகுக்காக மூடியே வைத்திருப்பவர்களும் உண்டு, ஹெட்டுக்குக் காற்று எங்கிருந்து வரும்?

நான் அதிகம் பார்த்த குற்றவாளி காற்றுக் கசிவு. கார்ப்ரேட்டர் உட்காரும் கழுத்து, பின்பக்க மூடி, முன் பேரிங், இந்த மூன்றில் எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தாலும் எரிபொருள் கலக்காத காற்று உள்ளே போய்விடும். இதன் அடையாளம் தெளிவாக இருக்கும்: வேகமாக ஓட்டிவிட்டு ஆக்சிலேட்டரை விட்டதும் ஐடிலிங் உடனே இறங்காமல் வீல் என்று தொங்கும், ஒரு நாள் செட் செய்தது மறுநாள் நிற்காது. கண்டுபிடிக்க, இன்ஜினைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளையையும் கார்ப்ரேட்டர் வாயையும் அடைத்து, தண்ணீரில் மூழ்கடித்து எரிபொருள் டியூப் வழியாக ஊதுங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. முன் பேரிங்கில் லேசாக வந்தால் கவலை வேண்டாம், கழுத்திலும் பின் மூடியிலும் வந்தால் சூடு தாங்கும் சிலிகான் சீலன்ட் மெல்லிசாகப் பூசி மாட்டுங்கள். முடித்த கையோடு துடைத்து ஆயில் விட்டுவிடுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடிக்க அதிக நேரம் எடுக்காது.

எரிபொருள் பாதையிலும் கோளாறு வரலாம். சைலன்சரிலிருந்து ஒரு டியூப் டேங்குக்குப் போகிறதே, அந்த அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது. டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் முழு டேங்கில் ஒழுங்காக ஓடும், பாதி காலியானதும் கொதிக்கும். டியூப் சைலன்சரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஆபத்து, மெத்தனால் 65 டிகிரிக்குள்ளேயே கொதித்து டியூபுக்குள் குமிழி கட்டிவிடும். ஃபில்டரில் மணல் இருக்கா என்றும் பார்த்துவிடுங்கள். டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள், மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், ஏனென்றால் அது விஷச்சாராயத்தில் ஆளைக் கொல்லும் அதே சரக்கு, பகல் வெளிச்சத்தில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் அப்புறம் ஊசி. ஹை ஸ்பீட் ஊசியை (வேகமாக ஓடும்போது எரிபொருள் அளவைத் தீர்மானிப்பது) இடப்பக்கம், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு மட்டும் திறந்து, ரெண்டு ரவுண்டு ஓட்டி, மறுபடி அளந்து பாருங்கள். ஓடும்போது சூடு சரியாக இருந்து, சும்மா நிற்கும்போது ஏறினால் லோ ஸ்பீட் ஊசிதான் லீன். வேகத்தில் மெல்லிய நீலப் புகைக் கோடு எப்போதும் பின்னால் வர வேண்டும்.

பயந்துபோய் ஒரேயடியாக ரிச்சாக வைத்து 70 டிகிரியில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இதுவும் இன்ஜினுக்கு ஆகாது. இந்த இன்ஜினில் ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கும் உள்குழாய்) பித்தளை, மேல்முனையில் வேண்டுமென்றே குறுகலாகக் கடைந்திருப்பார்கள். சூடானால் பித்தளை அலுமினிய பிஸ்டனைவிட அதிகம் விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். சூடே ஏறாவிட்டால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேல்முனையில் தேய்ந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் கம்ப்ரஷன் போய்விடும்.

சந்தேகம் வந்தால் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி ஈரமாகப் பளபளத்தால் ரிச், சாம்பல் பூத்து வளைந்திருந்தால் லீனாக ஓடியிருக்கிறது. ஊசி சரி, கசிவும் இல்லை, ஆனாலும் கம்பி திரும்பத் திரும்ப நசுங்கிப் போகிறது என்றால், நைட்ரோ சதவீதத்தைக் கூட்டிவிட்டு ஹெட்டுக்கு அடியிலிருக்கும் ஷிம்மை (மெல்லிய வளையத் தகடு) அப்படியே விட்டிருக்கலாம். இன்னொரு 0.1 மில்லிமீட்டர் ஷிம் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.