சியரா லியோனின் சதுப்பு நெல்: நீரைத் தேக்கும் முன் வடிகாலை வெட்டுங்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் நெல் பயிரிட நிலம் குத்தகைக்குக் கிடைக்குமா, அங்கே எந்த ரகம் போடலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறார்கள். அந்நாட்டின் தெற்கிலுள்ள டோர்மா பம் பகுதியில் பாசன வசதி செய்து நெல் விளைச்சலைப் பெருக்குவதற்காக இந்தியா 2019 அக்டோபரில் 3 கோடி டாலர் கடனுதவி அறிவித்தது இந்த ஆர்வத்துக்கு ஒரு காரணம். ஆண்டுக்கு ஆளொன்றுக்கு 100 கிலோ அளவில் அரிசி உண்ணும் அந்நாடு தன் தேவையில் கணிசமான பங்கை இறக்குமதி செய்கிறது என்பது இன்னொரு காரணம். மழைக்குக் குறைவில்லை, நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டு மழை 2,000 மி.மீ.-ஐத் தாண்டுகிறது, அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரை கொட்டிவிடுகிறது. இவ்வளவு நீரும் பயிரேறாத பள்ளத்தாக்குகளும் இருந்தும் அங்குள்ள உழவர் ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன் நெல்தான் எடுக்கிறார் என்றால் அது அறியாமையே என்ற முடிவோடு நம்மவர்கள் விமானம் ஏறுகிறார்கள். அந்த வயல்களில் மண் ஆய்வு செய்தவன் என்ற முறையில், அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை விளக்க வேண்டியது என் கடமை.

அங்கே நெல் ஒரே வகை நிலத்தில் விளைவதில்லை. மேட்டு நிலங்களில் புதரை வெட்டி எரித்து மானாவாரியாக விதைக்கிறார்கள். குன்றுகளுக்கு இடையே ஓடும் குறுகிய பள்ளத்தாக்குகளில் சதுப்பு நெல் உண்டு. வடமேற்கில், கிரேட் ஸ்கார்சிஸ், லிட்டில் ஸ்கார்சிஸ் ஆறுகளின் முகத்துவாரங்களில், அலையாத்திக் காடு திருத்திய வயல்கள் இருக்கின்றன. 1934-இல் ரோகுப்பரில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த வயல்களை ஆராய்வதற்கென்றே எழுந்தது. இவை போக, மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் புல்வெளிகளும் உள்ளன. முதலீட்டாளர்களின் கண்ணில் முதலில் படுவது பள்ளத்தாக்குச் சதுப்பு. அவர்கள் பெரும்பாலும் அடி வாங்குவதும் அங்கேதான்.

இந்தப் பள்ளத்தாக்குகளின் இருபுறமும் உள்ள சரிவுகள் இரும்பு மிகுந்த செம்புறை மண்ணால் ஆனவை. மழைநீர் சரிவில் இறங்கி, மண்ணுக்கு அடியில் கசிந்து, இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்து பள்ளத்தில் ஊறுகிறது. பள்ளத்து மண்ணிலும் இரும்பு உண்டு. நீர் தேங்கிய சில நாட்களில் மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோக, நுண்ணுயிரிகள் கரையாத இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. நெல்லின் வேர் தன்னைச் சுற்றி ஆக்சிஜனைக் கசியவிட்டு, அந்த இரும்பைத் துருவாக்கி வெளியிலேயே நிறுத்தப் பார்க்கும். வரத்து மிகுந்தால் அந்தக் காப்பு போதாமல் இரும்பு இலைக்கு ஏறிவிடும். இலையின் உலர் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேர்ந்தால் ஆபத்து தொடங்கியது என்று கொள்ளலாம். சத்தும் சுண்ணமும் குறைந்த, அமிலத்தன்மை கொண்ட மண் என்பதால் பொட்டாசியம், பாஸ்பரஸ், துத்தநாகப் பற்றாக்குறைகளும் சேர்ந்துகொண்டு பயிரின் எதிர்ப்பை மேலும் குறைக்கின்றன.

வயலில் இதை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. அடியிலைகளின் நுனியிலிருந்து சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றி அடிப்பகுதி நோக்கிப் பரவும். பிறகு இலை முழுவதும் செம்பு நிறமாகிக் காயும். தூர் கட்டுவது குறையும், கதிரில் பதர் மிகும், பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் குட்டையாகவும் தடித்த துருப் பூச்சோடும் இருக்கும். வயல் ஓரத்து நீரின் மேல் எண்ணெய் சிந்தியது போன்ற படலம் மினுங்கும். குச்சியால் தொட்டால் அது எண்ணெயைப் போல மீண்டும் கூடாமல் சில்லுகளாக உடையும். இதைப் பார்த்துத் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவை மட்டும் வீசுகிறார்கள். பூச்சி, பூஞ்சாண மருந்து அடித்தவர்களையும் கண்டிருக்கிறேன். மண்ணிலிருந்து வரும் நோய்க்கு இலையில் மருந்தடித்து என்ன பயன்?

காவிரிப் படுகையில் பழகிய கண்ணுக்கு இது தெரியாமல் போவதில் வியப்பில்லை. அங்குள்ள வண்டல் பெரும்பாலும் நடுநிலையோ காரத்தன்மையோ கொண்டது; அதனால் வரப்பை உயர்த்தி நீரைத் தேக்குவது அங்கே பலன் தருகிறது. அதே பழக்கத்தில் சியரா லியோனின் பள்ளத்தாக்கில் வாய்க்காலை அடைத்துத் தேக்கினால் நச்சை நாமே வளர்க்கிறோம். கேரளத்தின் செம்புறைக் குன்றுகளுக்கு நடுவேயுள்ள ஏலாக்களில், அதாவது பள்ளத்து நெல்வயல்களில், வேலை செய்தவர்கள் இதை விரைவாகப் புரிந்துகொள்வார்கள், ஏனெனில் அங்கும் இதே சிக்கல் உண்டு.

ஆகவே முதல் செலவு வடிகாலுக்கு. சரிவும் பள்ளமும் சந்திக்கும் அடிவாரத்தில் இருபுறமும் ஓர வாய்க்கால் வெட்டினால் மேட்டிலிருந்து வரும் இரும்புக் கசிவு வயலுக்குள் நுழையும் முன்பே பிடிபட்டுவிடும். நடுவில் ஆழமான வடிகால் ஒன்று ஓடி, பாத்திகளிலிருந்து வரும் நீரையும் சேர்த்துக் கீழே கொண்டுபோக வேண்டும். பயிர்க்காலத்தின் இடையில் ஓரிரு முறை நீரை வடித்து மண்ணுக்குக் காற்றுக் கொடுப்பது நல்லது. நீர் கட்டிய முதல் சில வாரங்களில்தான் கரைந்த இரும்பு உச்சத்தை எட்டும் என்பதால், சேற்றுழவு முடிந்தவுடன் இளநாற்றை நடாமல், பொறுத்திருந்து சற்று முதிர்ந்த நாற்றை நடுவது தப்பிக்க உதவும். வடிகால் போட முடியாத இடத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து நடலாம். உரத்தில் பொட்டாஷைக் குறைக்காதீர்கள். ரகங்களில், லைபீரியாவில் வெளியிடப்பட்ட சுவாக்கோகோ 8 இரும்பைத் தாங்குவதற்குப் பெயர்பெற்றது. சியரா லியோனில் பிறந்த நெல் ஆராய்ச்சியாளர் மான்டி ஜோன்ஸ் ஆப்பிரிக்க, ஆசிய நெல் இனங்களைக் கலந்து உருவாக்கி 2004-இல் உலக உணவுப் பரிசும் பெற்றுத்தந்த நெரிக்கா ரகங்களைக் கேட்டு வருபவர்கள், முதலில் பரவிய நெரிக்காக்கள் மேட்டு நிலத்துக்கானவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் உள்ளூர் உழவர் ஏன் வடிகால் வெட்டவில்லை என்ற கேள்வி எழும். வெட்டினார்கள். 1970-களிலிருந்து உலக வங்கி உதவியோடு நடந்த திட்டங்கள் கிழக்குப் பகுதியில் சதுப்புகளைத் திருத்தின. திட்டம் முடிந்ததும் பராமரிப்புக்கு ஆளும் காசும் இல்லாமல் பல வாய்க்கால்கள் தூர்ந்தன, 1991 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போர் மிச்சத்தையும் விழுங்கியது. வாய்க்கால் வேலை கையால் செய்யும் கடும் வேலை. மேட்டு நிலத்து விதைப்பு, களையெடுப்பு, பறவை விரட்டல் எல்லாவற்றோடும் அது போட்டியிடுகிறது. அதுவும் வீட்டில் நெல் தீர்ந்து அடுத்த அறுவடை வராத ஜூலை முதல் செப்டம்பர் வரையான பசி மாதங்களில். மேட்டு நிலமோ நெல்லோடு மரவள்ளி, சோளம், காய்கறி என்று கலந்து தருகிறது. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். இந்தக் கணக்கில் உழவர் சதுப்பை இரண்டாவதாக வைப்பது அறிவுள்ள முடிவு.

இனி ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதை அலையாத்தி வயலுக்குப் பொருத்தாதீர்கள். அந்த மண்ணில் பைரைட் என்ற இரும்பு–கந்தகச் சேர்மம் உறங்குகிறது. வடித்துக் காயவிட்டால் அது காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாகி நிலத்தைப் பாழாக்கும். செனகலின் காசமான்ஸ் பகுதியில் கடல்நீரைத் தடுக்க எழுப்பிய அணைகளுக்குப் பின்னால் இப்படி அமிலமேறிய நிலங்கள் உள்ளன. ஸ்கார்சிஸ் உழவர்கள் கோடையில் உப்புநீர் ஏறி இறங்க விட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருந்து, மழை உப்பைக் கழுவியபின் முதிர்ந்த நாற்றை நடுவது, பொறியாளர்கள் வருவதற்கு முன்பே அவர்கள் கண்ட வழி.

உடல்நலத்தையும் சொல்லியாக வேண்டும். கிழக்கு, வடகிழக்கு மாவட்டங்களில் நன்னீர் நத்தைகள் வழியே பரவும் சிஸ்டோசோமா புழுத்தொற்று நிலைத்திருக்கிறது. நாற்று நடும் பெண்கள் நாள் முழுவதும் அந்த நீரில் நிற்கிறார்கள். பணியாட்களை அமர்த்துபவர் முழங்கால் காலணியும் ஆண்டுதோறும் அந்தப் புழுவுக்கான பிராசிகுவான்டெல் மாத்திரையும் மலேரியா பரிசோதனையும் தம் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தலைநகர்ப் பகுதிக்கு வெளியேயுள்ள மாகாணங்களில் நிலம் குடும்பங்களுக்கும் சமூகத்துக்கும் உரியது. 2022-இல் வந்த மரபுவழி நில உரிமைச் சட்டம் பெண்களுக்கும் அதில் சம உரிமை தந்து, குடும்பத்தின் இசைவின்றி நிலத்தைக் குத்தகைக்கு விட முடியாதபடி செய்திருக்கிறது. ஊரின் மரபுவழித் தலைவர் ஒருவரின் கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். தரகர்கள் நிலம் காட்டுவது வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில். அப்போது பள்ளம் காய்ந்து சமதளமாக அழகாகத் தெரியும். ஆகஸ்டில் போய்ப் பாருங்கள். அடிவாரத்தில் நடந்து, துருநிறக் கசிவு எங்கெங்கே ஊறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் முன்பு நாற்று நட்ட பெண்களிடம், எந்தத் திட்டில் பயிர் சிவக்கும், எதைக் கைவிட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். ஓர வாய்க்காலை யார் வெட்டுவது, ஒவ்வொரு மழைக்கு முன்பும் யார் தூர்வாருவது, அதற்கான கூலி யாருடையது என்பவற்றை வாடகைத் தொகைக்கு முன்பாகவே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.