தட்டைக் கணினியில் ஏற்றும்போது தம்புரா தொலையக் கூடாது

சென்ற ஆண்டு மயிலாப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மையார் என் மேசைமேல் ஒரு பென் டிரைவை வைத்தார். அவருடைய தந்தையார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த இசைத்தட்டுகள், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டுகள் முதல் எல்.பி. என்னும் நீண்ட நேரத் தட்டுகள் வரை எல்லாம், அதற்குள் எம்.பி.3 கோப்புகளாக இருந்தன. வேறோர் இடத்தில் கொடுத்து மாற்றியிருக்கிறார். "அப்பா கேட்ட அதே பாட்டுதான் சார், ஆனா எங்கயோ வெறிச்சுனு இருக்கு" என்றார். ஓர் ஆலாபனையை ஓடவிட்டுக் கேட்டேன். பாடுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களிலெல்லாம் துடைத்துவிட்டாற்போன்ற மௌனம். அந்த இடைவெளிகளில் தம்புரா கேட்டிருக்க வேண்டும். இரைச்சலை நீக்கும்போது மென்பொருள் தம்புராவையும் சேர்த்து நீக்கிவிட்டது. தட்டுகளைக் கொண்டுவாருங்கள், மறுபடியும் ஏற்றித் தருகிறேன் என்றேன். கோப்புகள் கைக்கு வந்த மறுவாரமே தட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில், வருபவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். தட்டிலிருந்து வரும் ஒலியை, கீறல் சத்தமும் இரைச்சலும் உட்பட, எதையும் நீக்காமல் அப்படியே ஒரு முறை பதிவு செய்து தனியே வைத்துவிட வேண்டும். அதுவே மூலப் பிரதி. சுத்தம் செய்வது, பாடல்களைத் தனித்தனியே வெட்டுவது, கைப்பேசிக்கு ஏற்றபடி சுருக்குவது ஆகிய எல்லா வேலைகளையும் அதன் நகலில்தான் செய்ய வேண்டும். இன்றைய மென்பொருளால் முடியாதது பத்தாண்டு கழித்து வரும் மென்பொருளால் முடியலாம். ஆனால் இன்று வெட்டி எறிந்துவிட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பதிவுக்கு முன்னால் தட்டைக் கழுவ வேண்டும். இங்கே நடக்கும் தவறுதான் மிகக் கொடியது. பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்தூளும் கலந்து வார்க்கப்பட்டது, எல்.பி.யோ பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. பார்வைக்கு இரண்டும் கறுப்பு வட்டங்கள்தான் என்றாலும் கையில் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: அரக்குத் தட்டு கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். ஸ்பிரிட் என்று நாம் சொல்லும் ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் அரக்குத் தட்டைத் துடைத்தால் துணியில் கருமை ஏறும். துடைப்பவர் அழுக்கு போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைப்பார். துணியில் ஏறுவது அழுக்கன்று, பாட்டு எழுதப்பட்டிருக்கும் தட்டின் மேற்பரப்பே. கடையில் விற்கும் தட்டுச் சுத்திகரிப்புத் திரவம் எதுவாயினும், ஆல்கஹால் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் 78 தட்டின்மேல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

இரண்டு வகைத் தட்டுகளுக்கும் பொருந்துகிற எளிய முறை ஒன்று உண்டு. பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தை ஓரிரு சொட்டு கலந்து, மென்மையான தூரிகையால், ஊசி ஓடும் பள்ளத்தின் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்த வேண்டும். நம் வீடுகளில் வரும் போர்வெல் தண்ணீர் இதற்கு ஆகாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு பள்ளத்திலும் படியும். ஊசி அதன்மேல் ஓடும்போது பொரிகிற சத்தம்தான் கேட்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய அலமாரியிலிருந்து வரும் தட்டுகளில் சாம்பல் நிறப் பூஞ்சை பிடித்திருக்கும். அதைக் கழுவாமல் ஓட்டினால் ஊசிமுனையில் ஒரு பஞ்சுருண்டை திரண்டு, பாட்டின் பின்பாதி முழுவதும் மங்கிப்போகும்.

அடுத்தது ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கு ஆரமுள்ள ஊசி தேவை. எல்.பி.க்கு ஆயிரத்தில் 1 பங்கு அல்லது அதற்கும் குறைவு. எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் தங்கியிருக்கும் அழுக்கின்மேல் உருண்டுகொண்டு போகும். பாட்டைவிட இரைச்சலே கூடுதலாக வரும். பெட்டி வடிவில் மலிவாக விற்கும் புதிய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் ஊசி 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்துகிறது. ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ் நல்லதாக உள்ள பிளேயரில் இது பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரைதான். பாட்டியின் கிராமபோன் பெட்டியில் எஃகு முள்ளைப் போட்டு எல்.பி.யை ஓட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. கிராமபோன் முள், அரக்கோடு கலந்த கல்தூளில் தானே தேய்ந்து பள்ளத்தோடு பொருந்தட்டும் என்று செய்யப்பட்டது. அதனால்தான் ஒரு பக்கம் ஓடியதும் முள்ளை மாற்றுவார்கள். மென்மையான பிளாஸ்டிக் தட்டில் அந்த முள் ஓடினால் தேய்வது தட்டுதான், ஒரே ஓட்டத்தில்.

எல்.பி. தட்டில் ஒலி இயல்பான அளவில் எழுதப்பட்டிருப்பதில்லை. கீழ் ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். கேட்கும்போது ஃபோனோ பிரீஆம்ப் என்னும் கருவி அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யும். 1954ஆம் ஆண்டு வாக்கில் இதற்குப் பொதுவான அளவு ஒன்று வந்தது. அதற்கு முந்தைய 78 தட்டுகளை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு அளவில் வெட்டியிருக்கிறார்கள். எல்.பி. அளவை அவற்றின்மேல் அப்படியே பொருத்தினால் குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் அமுங்கும். ஆகவே 78 தட்டுகளை மாற்றித் தருகிறவரிடம் எந்தச் சமன் அளவில் பதிவு செய்தார் என்று கேட்டு, அதைக் கோப்போடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுற்று வேகம் நம் இசைக்கு உயிர்நாடி. வேகம் சுமார் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். அதாவது 78 சுற்றுக்குப் பதிலாக 82, 83 சுற்றில் ஓடினாலே ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடியதாகிவிடுவார். சுருதி மட்டும் ஏறுவதில்லை, காலப்பிரமாணமும் விரைந்து, கமகங்கள் நெருங்கி, குரலின் வயதே மாறிவிடும். பிளேயரின் வேகத்தைச் சோதிக்கக் கோடுகள் அச்சிட்ட வட்டத்தாள் ஒன்று உண்டு. நம் 50 சுழற்சி மின்சாரத்துக்கு, 78 சுற்றுக்கான வளையத்தில் 77 கோடுகளும் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்குமான எல்.பி. வேகத்துக்கான வளையத்தில் 180 கோடுகளும் இருக்கும். சோக் உள்ள பழைய டியூப்லைட்டின் கீழ் வைத்துச் சுழற்றினால் சரியான வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும். எல்.இ.டி. விளக்கு ஒரே சீராக எரிவதால் பெரும்பாலும் இதற்கு உதவாது. தொடக்க காலத் தட்டுகள் துல்லியமாக 78இல் பதிவானவையும் அல்ல. அத்தகைய தட்டுகளுக்கு, பாடியவர் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடுவார் என்று அறிந்த ஒரு வித்வானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டுத்தான் வேகத்தை முடிவு செய்கிறேன்.

பதிவு செய்யும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பு என்பது ஒலி ஆவணக் காப்பகங்கள் ஏற்றுக்கொண்ட நல்ல அளவு. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்.பி. ஆகும், 40 நிமிட எல்.பி. ஒன்று 1.4 ஜி.பி.க்குள் அடங்கும். 300 எல்.பி. வைத்திருப்பவருக்கும் 1 டி.பி. டிஸ்க் போதும் என்கிறபோது, இடம் போதாது என்ற காரணத்தைச் சொல்லி நேராக எம்.பி.3 ஆகப் பதிவு செய்ய இன்று தேவையே இல்லை. இடத்தை மிச்சப்படுத்த விரும்பினால் ஃப்ளாக் வடிவத்தில் வையுங்கள். அளவு குறையும், ஒலியில் எதுவும் குறையாது. ஒலி அளவின் உச்சம் எல்லைக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். தனி ஆவர்த்தனத்தின் கோர்வையில் மீட்டர் சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்த அடி நிரந்தரமாக நசுங்கியதுதான். 78 தட்டில் இருப்பது ஒற்றை வழி ஒலிதான் என்றாலும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள். பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே அளவில் தேய்ந்திருப்பதில்லை. பிறகு எந்தச் சுவர் தெளிவாக இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

இனி, அந்த அம்மையாரின் தம்புராவுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறேன். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்களிலும் இருக்கிற இரைச்சல் நீக்கும் வசதியில், இரைச்சல் மட்டும் உள்ள சில நொடிகளை நாம் மாதிரியாகத் தேர்ந்து காட்ட வேண்டும். மென்பொருள் அந்த மாதிரியில் உள்ளவற்றைப் பாட்டு முழுவதிலும் தேடிக் குறைக்கும். சினிமாப் பாட்டில் பாட்டு தொடங்குமுன் உள்ள நொடிகள் வெறும் இரைச்சலாகவே இருக்கும். கர்நாடக இசைத் தட்டில் பாடகர் வாய் திறக்குமுன்னரே தம்புரா தொடங்கிவிடுகிறது. 'பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று நினைத்து அந்தப் பகுதியை மாதிரியாகக் காட்டினால், ஒரே சீராக ஒலிக்கும் தம்புராவே நீக்க வேண்டிய இரைச்சல் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. தம்புராவின் சுரங்களையே பாடகரும் தொடுகிறார் என்பதால் குரலின் நிறமும் கூடவே வெளுக்கிறது. மாதிரியைத் தம்புரா தொடங்குவதற்கு முன்னுள்ள ஊசி ஓட்டத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அது அரை நொடிதான் கிடைக்கிறது என்றால் அரை நொடியோடு நில்லுங்கள்.

கீறல் சத்தத்தை நீக்கும் வசதியிலும் இதே ஆபத்து உண்டு. சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஒலிகளைத்தான் அது கீறல் என்று அடையாளம் காண்கிறது. மிருதங்கத்தின் சாப்பும், கடத்தின் கணீரென்ற அடியும், ஜால்ராவின் முதல் தட்டும் அப்படிப்பட்டவைதாமே. உணர்திறனைச் சற்றே ஏற்றி வைத்தாலும் கடம் மண்சட்டியாகிவிடும். இதற்கு நான் கையாளும் சோதனை எளிது: நீக்கப்பட்டவை எவையோ அவற்றை மட்டும் தனியே ஓடவிட்டுக் கேட்பேன். மேற்சொன்ன இரைச்சல் நீக்கும் கருவியில் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. அந்தக் கழிவில் தாளம் கேட்டாலோ குரல் முனகினாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே பின்வாங்கிவிடுவேன். பெரிய கீறல்களை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குவதே நல்லது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்கு வேறு வழி இல்லை.

தொடக்கத்தையும் முடிவையும் தானாக வெட்டிவிடும் வசதியை நிறுத்தி வையுங்கள். பழைய தட்டுகளின் கடைசியில் பாடியவர்கள் தம் பெயரைத் தாமே சொல்லும் வழக்கம் இருந்தது. 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜானின் தட்டுகளில் அவர் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்லி முடிப்பது புகழ்பெற்றது. லேபிள் கிழிந்துபோன ஒரு தட்டில் யார் பாடினார் என்பதற்கு அந்த ஓர் அறிவிப்பே சாட்சியாக இருக்கலாம். லேபிளை அடுத்து, பாட்டு முடிந்த பின் வரும் வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் சாய்வெளிச்சத்தில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பில் பாடியவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், இயற்றியவர், தட்டு எண் எல்லாவற்றையும் தமிழ் யூனிகோடிலேயே எழுதலாம். 'டிராக் 01' என்று விட்டுவைத்த 800 கோப்புகளை உங்கள் பிள்ளைகள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அது முடிந்திருந்தாலும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடர்கிறது. சொந்தமாகக் கேட்பதற்கு மாற்றி வைத்துக்கொள்வது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு.

மூலப் பிரதியை இரண்டு டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை இரண்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். தட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத உட்சுவர் ஓரத்தில் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை பிடித்த பழைய உறைகளை மாற்ற வேண்டியிருந்தால், அதற்கு முன் இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தேதி, கடை, விலை, 'இரண்டாவது பாட்டில் தத்தும்' என்று பென்சிலால் எழுதிய குறிப்பு என ஏதாவது ஒன்று பெரும்பாலான உறைகளில் இருக்கிறது. படத்தின் பெயரிலும் கோப்பின் பெயரிலும் அந்தத் தட்டின் எண்ணையே வையுங்கள்.