பாதி விசிறி தண்ணீருக்கு வெளியே

காசிமேட்டில் விடியற்காலை எல்லாரும் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஃபைபர் போட்டுகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வால் மாதிரி நீண்ட இரும்புத் தண்டு, அதன் நுனியில் ஒரு சின்ன விசிறி. அன்றைக்கு ஒரு அண்ணன் கரைக்கு வரும்போது அந்த வாலைக் கொஞ்சம் தூக்கினார். விசிறி பாதி வெளியே வந்து, பின்னால் வெள்ளையாகத் தண்ணீரை வாரி இறைத்தது. "ரொம்பத் தூக்கினா நுரைதான் தம்பி வரும், போட் நவுராது" என்றார்.

சாதாரண விசிறிக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஆழ்கடல் பந்தயப் படகுகள் வேண்டுமென்றே இப்படித்தான் ஓடுகின்றன.

துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளில் கழற்றிப் போட்ட பழைய வெண்கல விசிறி கிடைத்தால் இலையைத் தடவிப் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். உப்பு அரித்தது என்று தோன்றும். பல நேரம் அது கொதித்த தண்ணீரின் வேலை! தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில்தான். அழுத்தம் 24-ல் ஒரு பங்காக இறங்கினால் 30 டிகிரியிலேயே கொதிக்கும். வேகமாகச் சுழலும் இலையின் ஒரு முகம் தண்ணீரைத் தள்ள, மறுமுகம் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் அவ்வளவு இறங்கி, நீராவிக் குமிழிகள் பிறக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனதும் அழுத்தம் ஏற, குமிழி சட்டென்று நசுங்கும். அப்போது ஊசி போன்ற நீர்த்தாரை உலோகத்தைக் குத்தும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்து விழுந்தால் வெண்கலம் என்ன செய்யும்? இதற்குப் பெயர் கேவிட்டேஷன்.

1890-களில் இங்கிலாந்துப் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பினியா கப்பலில் இதில் மாட்டிக்கொண்டார். ஒரு விசிறிக்குப் பதில் ஒன்பது வைத்து சுமையைப் பிரித்துத்தான் தப்பித்தார்.

பந்தயக்காரர்கள் பிடித்த வழி வேறு. குமிழி வரத்தான் போகிறது, அதில் ஆவிக்குப் பதில் காற்று இருக்கட்டுமே! விசிறியின் மேல்பாதி வெளியே இருந்தால், ஒவ்வொரு இலையும் நீரில் இறங்கும்போது முதுகில் ஒரு காற்றுப் பையைச் சுமந்துகொண்டு இறங்கும். காற்று ஆவி மாதிரி சட்டென்று நீராகிவிடாது. அதனால் அந்தக் குத்து இல்லை. தண்டும் அதைத் தாங்கும் கையும் தண்ணீருக்கு மேலேயே இருப்பதால் இழுவையும் குறைகிறது. காற்றைவிட நீர் 800 மடங்கு அடர்த்தி என்பதால் இந்த மிச்சம் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணனின் விசிறி ஏன் நுரையோடு நின்றுவிடுகிறது? அதன் இலை முழுக்க மூழ்கி ஓடுவதற்கு என்று வடித்தது. பந்தய இலையின் முன்விளிம்பு கத்தி மாதிரி, பின்விளிம்பு தடித்து வெட்டியது மாதிரி. முதுகு காற்றோடு இருக்க, வயிறு மட்டும் தள்ளும்.

இந்த வித்தையை வைத்து விளையாடியவர்களில் எனக்குப் பிடித்தவர் இத்தாலியின் ஃபாபியோ புஸ்ஸி. 1943-ல் பிறந்தவர், படித்தது இயந்திரப் பொறியியல். 1971-ல் சொந்தப் பட்டறை தொடங்கி, படகைத் தானே வரைந்து, தானே கட்டி, தானே ஓட்டினார். டீசல் என்ஜின் லாரிக்குத்தான் லாயக்கு என்றிருந்த காலத்தில், 1984-ல் பிரிட்டனைச் சுற்றும் பந்தயத்தை டீசல் படகில் ஜெயித்தார். நீர்ப்பரப்பில் ஓடும் விசிறிக்கான ட்ரைமேக்ஸ் அமைப்பும் அவர் உருவாக்கியது. 2018-ல், எழுபது தாண்டிய வயதில், கோமோ ஏரியில் டீசல் படகில் மணிக்கு 277 கிலோமீட்டரைத் தாண்டினார்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பெரிய தலைவலி உண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது படகு தாழ்ந்திருக்கும், விசிறி முழுக்க மூழ்கிக் கிடக்கும், பெரிய இலைகளைச் சுற்ற என்ஜின் திணறும். மேலே எழும்பினால்தான் சுகம்.

2019 செப்டம்பரில், மான்டி கார்லோவிலிருந்து வெனிஸ் வரையிலான சாதனை ஓட்டத்தின் கடைசியில், இரவு இருட்டில் புஸ்ஸியின் படகு வெனிஸ் அருகே அலைதடுப்புக் கற்களில் மோதியது. அவரோடு இன்னும் இருவர் இறந்தார்கள்.

காசிமேட்டு அண்ணன், நம் அலைதடுப்புக் கற்கள் நெருங்கும்போது, வாலைத் திரும்ப ஆழமாக இறக்கி மெதுவாகத்தான் திருப்புகிறார்.